எடுக்காத கர்ப்பப்பையும் நாற்பது நாள் படுக்கையும்

என் கர்ப்பப்பை என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டார்கள் என்று ஒன்பது ஆண்டுகளாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன்... உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? வரட்டும். எனக்கே சில நாள் சிரிப்பு வந்திருக்கிறது. நகையைத் திருடியவள் உண்டு, புருஷனை ஏமாற்றியவள் உண்டு. நடக்காத ஆபரேஷன் நடந்ததாகச் சொல்லி, நாற்பது நாள் படுத்துக்கொண்டு பால்சுறாப் புட்டு தின்றவள் இந்தத் தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

ஆனால் முழுவதையும் கேளுங்கள். கேட்டபிறகும் சிரித்தீர்களானால் நீங்கள் என்னைவிடக் கல்நெஞ்சக்காரர்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்ட் பார்க்கிறேன். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று சுங்க அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. முந்திரி என்றால் முந்திரி, தேக்கு என்றால் தேக்கு. உள்ளே ஒன்றிருக்க வெளியே வேறொன்றை எழுதிய தாள் என் கையிலிருந்து இதுவரை போனதில்லை. முதலாளி இதைப் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

வீடு திரேஸ்புரத்தில். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒரே மகள், அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒட்டுச்சுவர் வீட்டில் என் வீட்டுக்காரரின் தங்கை ஜெசிந்தா. என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் புருஷன் அந்தோணி கடலில் சங்கு குளிப்பவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எனக்கு நாற்பது வயதில் தொடங்கியது அந்த இரத்தப் போக்கு. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள்... நிற்கவே நிற்காது. ஆபீசுக்குக் கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் சேலை கட்ட முடியாமல் போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த முகம்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைச் சுவரில் நார்க்கட்டி, ஃபைப்ராய்டு என்றார்கள். இரண்டு இருந்தன. புற்று இல்லை, உயிருக்குப் பயமில்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்று சொன்னார்கள்.

எடுத்துவிடுவது! எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். கட்டியை அல்ல, கர்ப்பப்பையை. நாற்பதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர் எடுத்தவர்கள். மீன் வாங்க நிற்கும்போது "எடுத்தாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள், "எடுத்தாச்சு" என்று இன்னொருத்தி சொல்வாள். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கும் அதுதான் என்று தெருவே முடிவு கட்டியது. கப்பலிலிருந்து போனில் பேசிய என் வீட்டுக்காரரும் எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் செய்யும் பணிவிடைக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு காயத்தின் அளவு. பிள்ளை பெற்றால் நாற்பது நாள். வயிற்றைக் கிழித்தால் அதற்கு மேலும். அத்தனை நாளும் அவள் குடம் தூக்க மாட்டாள், குனிந்து பெருக்க மாட்டாள். உறவுக்காரிகள் முறைபோட்டு வந்து உளுந்தங்களி கிண்டித் தருவார்கள், பால்சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்து தருவார்கள். காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி, சோர்வு... இவற்றுக்கெல்லாம் ஒன்றுமில்லை. எழுந்து வேலையைப் பார் என்பார்கள்.

எனக்குப் பதினெட்டு வயதில் அம்மா போய்விட்டாள். மகளைப் பெற்றபோதுகூட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்தாம் நாள் நானே சோறு பொங்கினேன். அன்றிலிருந்து இந்த ஆபரேஷன் பேச்சு வரும்வரை யாராவது எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தந்தார்களா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இதை நியாயம் கற்பிக்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் என்னிடம் இல்லை.

மதுரையில் என் அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. ஆபரேஷனை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டாள். நான் புறப்படுவதற்கு முன்பே ஜெசிந்தா என் வீட்டில் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுவிட்டாள். தெருமுனையில் மாதா சொரூபம் வைத்த கெபியில் எனக்காக நாற்பது நாள் ஜெபமாலை சொல்வதாக நேர்ந்துகொண்டாள். "நீங்க வந்து படுத்தா போதும் மதினி" என்றாள்.

மதுரையில் ஒரு பெண் டாக்டர் என் ஸ்கேனைப் பார்த்தார். வயதைக் கேட்டார். இனிப் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எடுக்காமலே ஒரு வழி இருக்கிறது என்றார். மணிக்கட்டில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழாயை இரத்தக் குழாய்க்குள் செலுத்தி, கர்ப்பப்பைக்குப் போகும் நாளம் வரை கொண்டுபோய், மணல்போன்ற துணுக்குகளை விடுவார்களாம். அவை போய்க் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை அடைத்துவிடும். இரத்தம் கிடைக்காத கட்டி சுருங்கும். உப்பளத்தில் பாத்திக்கு வரும் வாய்க்காலை மண்போட்டு அடைத்தால் பாத்தி காய்வதுபோல என்று நான் என் மனத்துக்குள் புரிந்துகொண்டேன். எம்போலைசேஷன் என்று பெயர் சொன்னார். கன்டெய்னர் தாள்களில் எத்தனையோ வாயில் நுழையாத பெயர்களை எழுதியவள் நான். அதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது, கட்டி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், சிலருக்கு மறுபடி வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு எனக்கு ஒத்துவரும் என்றார். நான் சரி என்றேன். யாரையும் கேட்கவில்லை. என் உடம்பைப் பற்றி நானாகச் சொன்ன முதல் சரி அது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

மேசையில் படுத்திருந்தேன். முழு மயக்கம் இல்லை. பக்கத்துத் திரையில் என் இரத்தக் குழாய்கள் மரக்கிளைபோல் விரிந்தன. உடம்புக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஓடிற்று. முடிந்தது என்றார்கள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் அம்மா என்று சிரித்தார்கள்.

அன்று மாலை வலி வந்தது. அடிவயிற்றைப் பிடித்துத் திருகுகிற வலி. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், லேசாகக் காய்ச்சலும் அடித்தது. மறுநாள் ஜெசிந்தா போன் செய்தாள். அக்கா எடுத்து, "கத்தியே வைக்கலம்மா..." என்று தொடங்கினாள்.

நான் போனைப் பிடுங்கினேன்.

ஏன் பிடுங்கினேன்? இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கை நீண்டதை நான் பார்க்கிறேன்! ஜன்னலோரக் கட்டில் கண்ணில் நின்றது. மணிக்கட்டில் ஒரு பொத்தலுக்கு எங்கள் தெருவில் எத்தனை நாள்? ஒரு நாள்கூடக் கிடையாது. அப்ப ஒண்ணுமில்லையா, எழுந்து வா என்பார்கள்.

"எடுத்தாச்சுளா" என்றேன். "கீழ்வழியாவே எடுத்துட்டாவ. வயித்துல தையல் இல்ல."

பொய்யின் லட்சணத்தைப் பாருங்கள். தையலைக் காட்டு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அந்த நொடியிலேயே அதற்கும் அணை போட்டுவிட்டேன். என்னைப் போல் ஒருத்தி கள்ளக்கடத்தலில் இறங்கியிருந்தால் துறைமுகம் என்ன ஆகியிருக்கும்!

அக்கா என்னை முறைத்தாள். ஊருக்குப் போய் நானே நிதானமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பினாள்; சொல்லியாயிற்று என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். கார்க் கதவைத் திறந்து ஜெசிந்தா என்னை இரண்டு கையாலும் தாங்கி இறக்கினாள். மணிக்கட்டுப் பிளாஸ்திரியைப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றியதா என்று அவளே கேட்டு அவளே ஆமாம் என்று சொல்லிக்கொண்டாள். "வலிக்கா மதினி?" என்றாள். வலிக்கு என்றேன். அது உண்மை. நாலைந்து நாள் உண்மையாகவே வலித்தது. வலி நின்றபிறகுதான் நான் நடிக்கத் தொடங்கினேன்.

அந்த நாற்பது நாளை எப்படிச் சொல்வேன்...

காலையில் கண் விழிக்கும்போது தலைமாட்டில் கருப்பட்டிக் காப்பி இருக்கும். ஜெசிந்தா சுடுதண்ணீர் போட்டுத் தருவாள், தலைவாரி விடுவாள். உளுந்தங்களியில் நல்லெண்ணெய் குளமாக நிற்கும். அந்தோணி கடலிலிருந்து வரும்போது யாரிடமாவது சொல்லிவைத்துப் பால்சுறாக் குட்டி வாங்கி வருவான். என் துணிகளை அவள் துவைத்தாள். என் வீட்டுக்கு அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடம் குடமாகத் தூக்கினாள். நான் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம் கேட்கும். யார் தாளில் என்ன எழுதினால் எனக்கென்ன என்று திரும்பிப் படுப்பேன்.

ஒருநாள் அவள் என் பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். நான் அழுதேன். வலியினால் அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கஷ்டப்பட்டுக்கொண்டு பொய் சொல்லவில்லை. அனுபவித்துக்கொண்டு சொன்னேன்.

நாற்பத்தோராம் நாள் எழுந்தேன். அடுத்த சில மாதங்களில் உடம்பு தேறியது. போக்கு குறைந்து மூன்று நாள், நான்கு நாள் என்று ஆயிற்று. முகத்தில் இரத்தம் ஊறியது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆனால் குறைந்ததே தவிர, நிற்கவில்லை அல்லவா? எடுத்தவளுக்கு மாதவிலக்கு ஏது! அதை மறைப்பது பெரும்பாடாகப் போயிற்று. கடையில் நாப்கின் வாங்கும்போது மகளுக்கு என்பேன். மகள் விடுதியில் இருப்பதை அறிந்த கடைக்கார அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் பேப்பரில் சுற்றித் தருவார். உபயோகித்ததைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டுபோய் ஆபீஸ் குப்பையில் போடுவேன். வீட்டுக்காரர் ஊருக்கு வரும் மூன்று மாதத்தில் மூன்று முறை சமாளித்தால் போதும். அவருக்கும் நான் சொல்லவில்லை. அவர் வாயில் ஒன்றும் தங்காது. கேட்ட அன்றைக்கே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

இதுவரையில் நீங்கள் என்னை மன்னிக்கலாம். இதோடு நின்றிருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து ஜெசிந்தாவுக்கு அதே போக்கு வந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் தள்ளிப்போனால் அவள் நடையே மாறிவிடும். குடத்தை மெதுவாக வைப்பாள், படியில் பார்த்து இறங்குவாள். மூன்றாம் நாள் முகம் தொங்கிவிடும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்கும் நார்க்கட்டி. இங்கேயிருந்த டாக்டர், எடுப்பதென்றால் எடுத்துவிடலாம், ஆனால் பிள்ளை வேண்டுமென்ற ஆசை இருந்தால் பெரிய ஊரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்தோணி, உன் உயிர்தான் எனக்கு முக்கியம், நீ என்ன சொல்லுதியோ அது என்று அவளிடமே விட்டுவிட்டான்.

பெரிய ஊரில் யாரைக் கேட்பது? அவளுக்குத் தெரிந்து பெரிய ஊருக்குப் போய் வந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்கதவு வழியாக வந்து நின்றாள். முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

"மதினி, மதுரைல டாக்டர்மாரு வேற வழி ஏதும் சொன்னாவளா? எடுக்காம?"

நான் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும்? அப்ப நீங்க ஏன் மதினி எடுத்தீங்க? அதற்கு நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தக் கருப்பட்டிக் காப்பி, அந்தக் குடங்கள், பாதத்தில் தேய்த்த எண்ணெய், கெபியில் முழங்காலில் நின்ற நாற்பது நாள்... எல்லாம் எழுந்து வந்து என் முன்னால் நிற்கும். அவள் கோபப்பட மாட்டாள், அதுதான் பயம். என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

"இல்லளா" என்றேன். "எடுக்கதுதான் வழி. என்னப் பாரு, நல்லா இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். கத்தரிப்பூச் சேலை, இரத்தம் ஊறிய முகம். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

"நீங்க சொன்னா சரிதான் மதினி."

அடுத்த மாதம் எடுத்தார்கள். அவளுக்கு வயிற்றைக் கிழித்தார்கள்.

நான் விடுப்பு எடுத்தேன். நாற்பது நாள் என்ன, அறுபது நாள் பார்த்தேன். களி கிண்டினேன், சுறா அவித்தேன், அவள் துணியைத் துவைத்தேன், தண்ணீர் சுமந்தேன். தெருவே என்னைப் புகழ்ந்தது. இப்படி ஒரு மதினி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். நான் வேலை செய்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். பாவத்துக்கு அப்படிக் கணக்கு இல்லை போலிருக்கிறது. குடம் தூக்கத் தூக்கத் தோள்தான் வலித்தது.

அவள் ஒருநாளும் அழவில்லை. ஒரு சாயங்காலம் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "இனிமே மாசாமாசம் எண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம்லா மதினி. அதுவும் ஒரு நிம்மதிதான்" என்றாள்.

நான் எழுந்துபோய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்தேன்.

நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை நீங்களும் கேளுங்கள். எனக்குச் செய்தது அவளுக்குப் பொருந்தியிருக்குமா என்பது நிச்சயமில்லை. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அதைவிடக் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பதைத்தான் முதலில் யோசிப்பார்களாம். அதைச் செய்தும் பிள்ளை பிறக்காமலே போயிருக்கலாம். பதின்மூன்று வருடம் பிறக்காத பிள்ளை அப்புறம் பிறந்துவிடுமா? இப்படியெல்லாம் சொல்லிக்கொள்வேன். எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அந்த டாக்டர். முடிவு செய்ய வேண்டியவள் ஜெசிந்தா. நான் யார்? அவள் போக வேண்டிய வாசலில் நின்று, அங்கே வாசலே இல்லை என்று சொன்னவள் அல்லவா நான்!

சாமியாரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். முழங்காலிட்டு, கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், பொய் சொன்னேன் என்பேன். என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை. கேட்டுவிடுவாரோ என்று வேகமாக அடுத்த பாவத்துக்குப் போய்விடுவேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வெளியே வந்து சுண்டல் வாங்கித் தின்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அந்தோணியின் அக்கா மகள் பெனிட்டாவுக்கு அதே தொந்தரவு. கல்யாணமாகி இரண்டு வருடம்தான். அவள் மாமியார் எடுத்துவிடலாம் என்று நெருக்கினாள். பயந்துபோன அந்தப் பிள்ளையை ஜெசிந்தாவே கையைப் பிடித்து என் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

"எனக்கு இவியதான் தைரியம் சொன்னாவ" என்று என்னைக் காட்டினாள். "மதினி, இவகிட்டயும் சொல்லுங்க."

பெனிட்டா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

நான் ஜெசிந்தாவைக் காப்பி போடச் சொல்லிக் குசினிக்கு அனுப்பினேன். அவள் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டதும் பெனிட்டாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். எடுக்காதே என்றேன். மதுரையில் இன்ன ஆஸ்பத்திரி, இன்ன டாக்டர், கட்டியை மட்டும் எடுக்கலாம், எடுக்காமலும் பார்க்கலாம், உனக்கு எது சரி என்று அவரைக் கேள் என்றேன். நான் சொன்னதாக உன் அத்தைக்குத் தெரியக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

ஜெசிந்தா காப்பியோடு வந்தபோது நாங்கள் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

காப்பி கொதிக்கிற நேரம்... அவ்வளவுதான் தேவைப்பட்டது! அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு காலை முழுதும் இருந்தது.

பெனிட்டாவுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். போன வருடம் பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க அவள் ஜெசிந்தாவைத்தான் கேட்டாள். அதைவிட மகிழ்ச்சியாக ஜெசிந்தாவை நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு நான்கு கடை ஏறினாள். கோயிலில் தண்ணீர் ஊற்றும்போது குழந்தை வீரிட்டு அழ, அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் இல்லை. நான் பெரும்பாலும் சந்தோஷமாக இருக்கிறவள். உடம்பு நன்றாக இருக்கிறது. போக்கு இப்போது தானாகவே நின்றுவிட்டது. இனி யாரிடமும் எதையும் பேப்பரில் சுற்றி வாங்க வேண்டியதில்லை. மகளுக்கு நல்ல இடத்தில் வேலை. வீட்டுக்காரர் இன்னும் ஒரு பயணம் போய்விட்டுக் கடலை விட்டுவிடுவேன் என்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்காக உயிரை விடுகிற ஒருத்தி இருக்கிறாள். வேறென்ன வேண்டும்? சாயங்காலம் கடற்காற்று அடிக்கும்போது வாசலில் நின்று, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைப்பேன். நினைத்து முடிப்பதற்குள் அவள் ஏதாவது ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஞானஸ்நானம் முடிந்து மண்டபத்தில் விருந்து. ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, வெறும் பேச்சுப்போலக் கேட்டாள்.

"மதினி, பெனிட்டாவுக்கு மட்டும் எப்படி எடுக்காமலே சரியாச்சு?"

இதோ சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று முட்டியது. வாயைத் திறந்தேன்.

"அவளுக்குக் கட்டி சின்னதுளா. அதான்."

"அப்படியா" என்றாள் ஜெசிந்தா. "நல்ல வேள. மாதா காப்பாத்துனா." குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

உங்களிடம் ஒன்றை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஜெசிந்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் ஸ்கேன் தாளையும் கொண்டு வந்திருந்தாள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, கையைத் துடைத்துவிட்டு நான்தான் அதை வாசித்தேன். தாள் வாசிப்பதுதானே என் தொழில்! பெனிட்டாவின் தாளையும் பிறகு வாசித்தேன். ஜெசிந்தாவின் கட்டி பெனிட்டாவுடையதைவிடச் சிறியது. என்னுடையவற்றில் பாதிகூட இராது.

அதை அறிந்துகொண்டுதான் அன்று இல்லை என்றேன். அறிந்துகொண்டுதான் மண்டபத்தில் சின்னது என்றேன்.

விருந்துக் கூட்டம் பெருகியது. யாரோ எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மூலையில் கிடந்த ஒரே நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள்.

"உக்காருங்க மதினி. ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது."

நான் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள்.